தேங்காய் எழும்பவில்லை

தண்ணி இருக்கக் கூடாது கர்த்தாவே, அங்க தண்ணி மட்டும் இருக்கவே கூடாது என்று ஞானம்மாள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். பயிர் வைக்கிறவள் பண்ணுகிற ஜெபமா இது? பயம் வந்துவிட்டால் வாய் எதைத்தான் கேட்காது!

பக்கத்து நிலத்து ரங்கையா புது போர்வெல் போடப்போகிறார். நீரோட்டம் பார்க்க முனியப்பன் வந்திருந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார். அடியில் தண்ணீர் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்குமாம். வெதுருகுப்பம் பக்கம் பாதி போர்கள் அவர் காட்டிய இடத்தில் போட்டவைதான்.

அந்த மனுஷன் இப்போது நேராக இவள் வரப்பைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

இவளுடையது அறுநூறு அடி போர். வருவது ஒன்றரை இஞ்ச் தண்ணீர். முக்கால் ஏக்கர் தக்காளி, இரண்டு மாடு, மகள் ஈவ்லினின் காலேஜ் எல்லாம் அதை நம்பித்தான். பக்கத்திலேயே ஆயிரம் அடி இறக்கினால் இவள் பைப்பில் காற்றுதான் வரும்.

தண்ணீர் போனால் என்ன கதி என்று தெரிந்துகொள்ள மேற்கு நிலத்து ஜமீலாவைப் பார்த்தால் போதும். கிணறு வற்றியதும் மாட்டை விற்றுவிட்டு சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்குப் போனவள் போனவள்தான். பாவம், அது மழை பொய்த்த வருஷம். யார் என்ன செய்ய முடியும்?

வரப்போரம் வந்து முனியப்பன் நின்றார். திரும்பி நடந்தார். மறுபடி வந்தார்.

படுத்த தேங்காய் படுத்தபடியே கிடந்தது.

"இங்க வெறும் பாறைங்க. போட்டா புழுதிதான் வரும்" என்றார் முனியப்பன்.

ரங்கையா தெலுங்கிலும் தமிழிலுமாக அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஊரை ஏமாற்றிப் பிழைக்கிற ஆள், இனி இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று விரட்டியே விட்டார்.

ஞானம்மாளுக்கும் உள்ளுக்குள் சிரிப்புதான். என் நிலத்துக்கு அடியில் ஓடுகிற தண்ணீர் பத்தடி தள்ளி நின்ற இந்த ஆளுக்குத் தெரியவில்லையே! கை வித்தை போய்விட்டது போலிருக்கிறது. போனதும் நல்லதுக்குத்தான்.

போகிற வழியில் முனியப்பன் அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பை வாங்க நீட்டிய கையில் கட்டைவிரல் சிவந்து வீங்கியிருந்தது.

"என்னண்ணா ஆச்சி கையில?"

"தேங்கா எழும்பப் பாத்துச்சிம்மா. அமுக்கிப் புடிச்சிக்கினே நடந்தேன்."

ஞானம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இந்த மனுஷனையா வித்தை போனவன் என்று நினைத்தோம் என்று தன்மேலேயே வெட்கமாக இருந்தது. அப்படியே கையெடுத்துக் கும்பிட்டாள்.

முனியப்பன் கும்பிட்ட கைகளைப் பார்க்கவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டு சொம்பைக் கீழே வைத்தார்.

"ஏழு வருசம் முன்னாடி உன் போருக்கு இடம் பாத்தப்பவே இப்படிப் புடிச்சிருக்கணும்மா. ஜமீலா கிணத்துல தண்ணி நின்னிருக்கும்."