சிவப்பில் மூன்று நிமிடம்

முள் சிவப்புக்குள் நுழைந்தது. மூன்றேகால்.

அவர் தந்தி அடிக்கும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மணிக்கு இருமுறை, மூன்று மூன்று நிமிடம், இதுபோன்ற கடலோர வானொலி நிலையங்களும் கப்பல்களும் அடங்கிவிட வேண்டும். ஐந்நூறு கிலோஹெர்ட்ஸில் ஒருவரும் எதுவும் அனுப்பக் கூடாது. மூழ்கப்போகிற கப்பல் எங்கிருந்தாவது கூப்பிட்டால் அந்த மெல்லிய சத்தம் கேட்க வேண்டுமே, அதற்காக. சுவர்க் கடிகாரத்தில் அந்த நிமிடங்களுக்குச் சிவப்பு பூசியிருக்கும்.

கூப்பிடுகிறவனிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். எங்கே இருக்கிறாய்? மற்ற விசாரணையெல்லாம் பிறகு.

அனுப்பக் கூடாது என்பதுதான் சட்டம். வாயையே திறக்கக் கூடாது என்பது அவராகப் போட்டுக்கொண்டது. அப்படியொரு பிடிவாதக்கார மனிதர்.

இப்போது பேசவும் ஆளில்லை. மனைவி போய்ச் சேர்ந்து எட்டு வருடம். மகள் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம்.

தொலைபேசி அடித்தது.

எரிச்சலாக வந்தது. சிவப்பில் இவரைக் கூப்பிடக் கூடாதென்று ஊருக்கே தெரியும்.

தெரிந்தும் கூப்பிடுகிற ஆள் ஒரே ஒருத்திதான்.

சின்ன வயதில் சோற்றுத் தூக்கோடு வருவாள். முள் சிவப்பில் ஏறும்வரை சமர்த்தாக உட்கார்ந்திருப்பாள். ஏறியதும் ஆரம்பிப்பாள். கணக்கில் பதினேழு மார்க். அம்மா கம்மலைத் தொலைத்தது நான்தான். அப்பாவால் திட்ட முடியாது. முள் வெளியே வருவதற்குள் பாதிக் கோபம் இறங்கியிருக்கும். கெட்டிக்காரி.

கல்யாண விஷயத்தை மட்டும் சிவப்புக்கு வெளியே சொல்லிவிட்டாள். அன்று அவர் பேசிய பேச்சை நினைத்தால் இன்றும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஹெட்ஃபோனை ஒரு காதில் விட்டுவிட்டு, மறுகாதில் ரிசீவரை வைத்தார்.

அவள்தான். மூச்சு வாங்கியது.

ஏதோ ஓர் எஸ்டிடி பூத்தாம். புருஷன் கப்பலேறி நாலு மாதமாம். இவளுக்கு எட்டாம் மாதம். காலையிலிருந்து கால் வீங்கிக் கிடக்கிறதாம், கண் மங்குகிறதாம். புது ஊர், யாரையும் தெரியாதாம். அப்பா குரலை ஒருதடவை கேட்டால் தேவலாம் என்றிருந்ததாம். கேட்கவும் பயமாக இருந்ததாம். அதனால்தான் இந்த நேரம் பார்த்து அடித்தாளாம்.

அவர் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பேச வேண்டாம்ப்பா. முள்ளு வெளிய வாரதுக்குள்ள வச்சிருதேன்."

இன்னொரு காதில் வெறும் இரைச்சல். கடலில் யாரும் கூப்பிடவில்லை.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முப்பது வருடத்தில் ஒருதடவைகூட அந்தச் சிவப்பில் அவர் வாய் திறந்ததில்லை.

இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

"எங்க இருக்க, பிலோமி?" என்றார்.