ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தூண்டில்

“எவ்வளவு பெரிய மீன் இழுத்தாலும் ஒடியக் கூடாது. அப்படி ஒரு தூண்டிலா எடுத்துப் போடுங்க!”

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ரயில் வருகிறது என்று அறிவிக்கிற அதே குரலில் அவர் கேட்டதும் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்தில் நின்ற மனைவிக்கு உடம்பு கூசியது. குளியலறையில் கரப்பான் வந்தால்கூடக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய் வெளியே விடுகிறவள் அவள். அந்த நேரத்தில் நாற்காலி மேல் ஏறி நிற்கிறவர்தான் இந்த மனுஷர்.

“ஏங்க, இந்த வயசுல நமக்கு எதுக்குங்க இந்தப் பாவம்?”

“சும்மா இரு. சம்பந்தி கூப்பிட்டிருக்கார். ஞாயித்துக்கிழமை ஆத்துல ரெண்டு பேரும் ஜோடியா நிக்கப் போறோம்.”

“எனக்குப் பழக்கமில்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிச் சொல்றது? எனக்கும் மீன் பிடிக்கிறதுன்னா உயிருன்னு அன்னைக்கே சொல்லித் தொலைச்சுட்டேனே!”

அது நிஜம். பெண்ணைக் கொடுத்த புதிதில், பேச்சு ஓடாமல் சம்பந்திகள் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இவர் வாய் விட்ட பொய்.

சம்பந்தி பல் டாக்டர். அவர் வீட்டுக் கூடத்துச் சுவர் முழுக்க, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆற்றில் தூண்டிலோடு நிற்கிற படங்கள். “பிடிச்ச மீனை அங்கேயே தண்ணியில விட்டுடுவேன். வீசறதுதான் சுகம்” என்பார். அதனால் அவர் பிடித்த மீனை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

‘விட்டா என்ன, வாயில குத்தினது குத்தினதுதானே’ என்று அவளுக்கு ஆறவே இல்லை.

கடைக்காரர் ஒரு கழியை எடுத்து நீட்டினார்.

“புதுசா பழகறவங்களுக்கு இந்த ஒம்பது அடி சரியா இருக்கும் ஐயா. ரொம்ப விறைப்பும் இல்ல, ரொம்பத் துவளவும் துவளாது. புழு மாட்டற தூண்டில் இல்ல இது. இதுல மாட்டறது இறகும் நூலும் வச்சுக் கட்டின பொய் ஈ. அதுக்குக் கனமே கிடையாது, கயிறுதான் அதைத் தூக்கிட்டுப் போகும். பின்னால வீசிட்டு, ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் முன்னால விடணும்.”

“நிறுத்தறதை எனக்கா சொல்லித் தர்றீங்க? மெயில் வண்டியையே நிறுத்தினவன்யா நான்!”

வீசிப் பார்க்க, ஈக்குப் பதிலாகக் கயிற்று நுனியில் சிவப்புக் கம்பளி நூல் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார் கடைக்காரர். இவர் பின்னால் வீசினார். நிறுத்தவில்லை. முன்னால் இழுத்தார். வாசலில் நின்ற பொம்மையின் தொப்பி பறந்து வந்து கல்லாப்பெட்டி மேல் விழுந்தது.

“பாத்தியா! முதல் வீச்சுலேயே மாட்டிடுச்சு!”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ‘கடவுளே, ஞாயித்துக்கிழமை அந்த ஆத்துப் பக்கம் ஒரு மீன்கூட வராம நீதான் பாத்துக்கணும்.’

“ரீல்ல ஒரு சந்தேகம். கொஞ்சம் உள்ள வாங்க” என்று கடைக்காரரைக் கையைப் பிடித்து உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார் கணவர். திரும்பி வந்தவர் மீசையைத் தடவிக்கொண்டே பூட்ஸ் போட்டுப் பார்க்கக் கடையின் அந்தக் கோடிக்கு நகர்ந்தார்.

இதுதான் சமயம் என்று அவள் கடைக்காரரிடம் போனாள்.

“தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது.”

“கேளுங்கம்மா.”

“இங்க இருக்கறதுல எந்தத் தூண்டில்ல மீனே மாட்டாது?”

கடைக்காரர் அந்தக் கோடியைத் திரும்பிப் பார்த்தார். “ஐயா கையில எதைக் கொடுத்தாலும் மாட்டாதும்மா.”

“விளையாடாதீங்க தம்பி. தப்பித் தவறி ஒண்ணு மாட்டிக்கிச்சுன்னா? வாயில்லா ஜீவன். அந்தப் பாவம் எங்க குடும்பத்துக்கு வேண்டாம்.”

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேஜையடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே வண்ண வண்ணமாக இறகு ஈக்கள். ஒன்றைத் திருப்பிக் காட்டினார். முள் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது.

“பழகறதுக்குன்னு முள்ளை நறுக்கிட்டுச் செய்யறது. ஐயா இப்ப உள்ள கூட்டிட்டுப் போயி இதைத்தாம்மா கேட்டாரு. ‘என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா கிண்டல் பண்ணுவா, குரலைத் தாழ்த்திப் பேசுங்க’ன்னாரு.”

அந்தக் கோடியில் ஒற்றைப் பூட்ஸோடு தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்த மனுஷரை அவள் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. மறு நிமிஷமே கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

“ஐயோ தம்பி, கூட வர்றது எங்க சம்பந்தி, பல் டாக்டர்! இதுலேயே ஊறினவர். ஆத்துல இதைக் கண்டுபிடிச்சு, அவங்க வீட்டுல போய்ச் சொல்லிச் சிரிச்சார்னா எங்க பொண்ணு எப்படித் தலை நிமிர்ந்து நிப்பா?”

“யாரு, நம்ம பல் டாக்டரா?” கடைக்காரர் டப்பாவை மூடி அவள் கையில் வைத்தார்.

“இந்த மொட்டை ஈயை நான் செய்ய ஆரம்பிச்சதே அவருக்காகத்தாம்மா. தினமும் அத்தனை பேர் வாயில ஊசி குத்தறவருக்கு, ஒரு மீன் வாயில முள்ளு குத்த மட்டும் மனசு வரலையாம்!”