பதின்மூன்றடி ஏணி

முழங்கையில் காய்ந்துபோன வெள்ளைப் பெயின்ட்டின் மேல் ஆணியால் கீறினான். 13. அதன் கீழே 5. அதன் கீழே ஒரு கேள்விக்குறி.

ஏணி பதின்மூன்று அடி. சுவரை ஒட்டி, குழாய் பதிக்க ஐந்தடி அகலத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளத்துக்கு இந்தப் பக்கம்தான் ஏணியை ஊன்ற முடியும். அப்படிச் சாய்த்தால் அதன் தலை எவ்வளவு உயரம் போகும்?

மாடி ஜன்னலின் அடிவிளிம்பு பன்னிரண்டு அடி. ரோலர் கம்பை நிறுத்தி அளந்துவிட்டான்.

கம்பிலேயே ரோலரைக் கட்டிக் கீழிருந்து தேய்த்துவிடச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. அவன் கேட்கவில்லை. நாளைக்கு வேறு கட்டடம். இன்றைக்கு விட்டால் அவள் முகத்தைப் பார்க்க இன்னொரு ஒன்பது வருஷம் ஆகலாம்.

வாசல் வழி கிடையாது. ஒருமுறை மணி அடித்துப் பார்த்தான். அவளுடைய வீட்டுக்காரர் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே, அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்.

எட்டாவதோடு விட்ட கணக்கு. கர்ணத்தின் வர்க்கத்தில் ஒரு பக்கத்தின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். வாய்விட்டே சொல்லிவிட்டான்.

“கர்ணமா? இதுல ஏறினா குட்டிக்கரணம்தான் மாப்ள” என்றான் ஏணியைப் பிடிக்க வந்த கூட்டாளி. “மேல யாரு, உன் ஆளா?”

நூற்று அறுபத்தொன்பதில் இருபத்தைந்து போனால் நூற்று நாற்பத்து நான்கு.

பன்னிரண்டு.

உச்சி வெயில். புதுச் சுவரின் வெள்ளை கண்ணுக்குள் பாலாகப் பரவியது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஏறினான். நாலாவது படியில் ஈர மண்ணின் வாடை நின்றுபோனது. ஏழாவதில் கூட்டாளியின் சிரிப்பு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது மாதிரி கேட்டது. சாய்ந்திருப்பது ஏணியா, சுவரா, தெருவா, ஒன்றும் புரியவில்லை. கால் மட்டும் தானாக ஏறிக்கொண்டிருந்தது.

ஜன்னல்.

உள்ளே அவள் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

“இந்த வெயில்ல நிக்கிறீங்களே, தண்ணி தரட்டுங்களா?”

“வேணாம்க்கா.”

அக்கா என்பது வேலை பார்க்கும் வீடுகளில் எல்லாப் பெண்களிடமும் சொல்வதுதான். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது வாயில் வரும். இந்தத் தடவை பாதியில் உடைந்து வந்தது.

துணியில் அவள் கை நின்றது. அவன் முகத்தில் கட்டியிருந்ததற்கு மேலே, வெள்ளை தெறித்த இமைகளையே பார்த்தாள். ஒருமுறை திரும்பி அறைக் கதவைப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஏணியின் தலையை இறுக்கிப் பிடித்தாள்.

“கால நல்லா ஊனிக்கோடா.”