சுண்ணாம்பு வளையம்

சடையன், வயது இருபது, சொந்த ஊர் வெண்ணந்தூர், தற்சமயம் சேலம் டவுனில் அளவுக்காரர்களோடு முளைக்குச்சி அடிக்கும் வேலை.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகுதான் மருதாசலம் தலையைத் தூக்கினார். கோர்ட்டுக்கு மனு எழுதிப் பழகிய கை. அக்காளுக்குப் போகிற கடிதாசியானாலும் பெயர், வயது, ஊர் இல்லாமல் அவருக்குப் பேனா ஓடாது. ஸ்டாம்புக்கும் கோர்ட்டின் பெயருக்கும் மேலே இடம் விடுகிற பழக்கமும் போகாது.

சடையன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால், மைதானத்து வேப்பமரத்தைச் சுற்றிப் பூசியிருந்த சுண்ணாம்பு வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நேற்று அதைப் பூசியவன் அவன்தான்.

கலெக்டர் வருகிற தடத்தில் மரங்களுக்கு வெள்ளை அடிப்பது வழக்கம். இதுவும் அப்படித்தான் என்று மைதானத்துக் கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மருதாசலம் அந்த வெள்ளையின் மேல் ஒரு குங்குமப் பொட்டும் வைத்திருந்தார். கலெக்டர் துரை வந்தால் நிழலுக்குத் தன் மரத்தடியில்தான் நிற்பார் என்று காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெட்டுகிற மரத்துக்கு அந்த அடையாளம் என்பது ஓவர்சியருக்கும் அவருடைய ஆட்கள் நாலு பேருக்கும் மட்டும் தெரியும்.

மைதானத்தில் வரப்போகிற பூங்காவின் படத்தை ஓவர்சியர் மேசையில் விரித்தபோது, அது சுருண்டுவிடாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சடையன். பருந்து மேலேயிருந்து பார்க்கிற மாதிரி வரைந்திருந்தது. நடுவில் நீரூற்று, சுற்றிலும் புல்தரை. வண்டிச் சக்கரத்து ஆரக்கால் போல எட்டு நடைபாதை. சாயங்காலம் ஜனங்கள் உட்கார்ந்து ரேடியோ கேட்க ஒரு மண்டபம். இத்தனை ஈக்கும் சாக்கடைக்கும் நடுவில் மனுஷன் எப்படி மூச்சு விடுவான், ஊருக்குக் காற்று வேண்டாமா என்றார் ஓவர்சியர். சடையனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பிறகு அவன் படத்தில் கடைகளைத் தேடினான். ஒன்றுகூட இல்லை.

திங்கட்கிழமை விடிகாலையில் கடைகளைப் பிரித்துப் போட ஆட்கள் இறங்குவார்கள். முன்னால் தெரிந்தால் கடைக்காரர்கள் வக்கீலைப் பிடித்துத் தடையுத்தரவு வாங்கிவிடுவார்கள். அதனால் அதுவரை எவனும் ஊருக்குப் போகக்கூடாது. விஷயம் வெளியே போனால், சொன்னவனை வேலையை விட்டுத் துரத்துவதோடு போலீசிலும் ஒப்படைப்பேன் என்று ஓவர்சியர் சொல்லியிருந்தார்.

அதே திங்கட்கிழமை அவன் அக்காள் குஞ்சம்மாள் வருகிறாள். வெள்ளிக்கிழமை சந்தையில் கறவை எருமையை விற்றுவிட்டு, மூங்கிலையும் கீற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, இந்த மைதானத்தில் இட்லிக்கடை போட வருகிறாள். வா அக்கா, இடம் பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பியது அவன்தான்.

வர வேண்டாம் என்று மட்டும் எழுதச் சொன்னான் சடையன்.

மருதாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காரணம் சொல்லாம வராதேன்னா எந்த அக்கா சாமி கேப்பா? எவளையோ கொண்டாந்து ஊட்டுல வெச்சுக்கிட்டான்னு நெனச்சு, நாளைக்கே கெளம்பி வந்துருவா."

குஞ்சம்மாள் அப்படித்தான் வருவாள்.

டவுனில் அவனுக்குத் தெரிந்த எழுத்துக்காரர் இவர் ஒருவர்தான். குனிந்து, பாயைப் பார்த்தபடி சொன்னான். திங்கட்கிழமையோடு இங்கே கடைகள் இருக்காது. எருமையை விற்க வேண்டாம். இந்த மரமும் இருக்காது.

பேனா நின்றது.

மருதாசலம் திரும்பி மரத்தைப் பார்க்கவில்லை. மைக்கூட்டில் தொட்டுக்கொண்டு மீதியை எழுதினார். எழுதி முடித்ததும், தாளின் உச்சியில் விட்டிருந்த வெற்றிடத்துக்குப் போய் அங்கே இன்னும் மூன்று வரி எழுதினார்.

படித்துக் காட்டும்போது அவர் விரல் சடையனின் பெயரிலிருந்துதான் புறப்பட்டது. அக்காளைப் போலவே சடையனுக்கும் எழுத்துத் தெரியாது. ஆனால் நாளெல்லாம் முளைகளை எண்ணுகிற கண். மேலே மூன்று வரி படிக்காமல் கிடந்தது.

மனுவில் அந்த இடத்தில்தான் கோர்ட்டின் பெயர் வரும். அது அவனுக்குத் தெரியும்.

அது என்னவென்று கேட்க வாய் வருவதற்குள் மருதாசலம் அவன் இடது கையைப் பிடித்துக் கட்டைவிரலில் மை தடவி, தாளின் அடியில் அழுத்திவிட்டார். "நீ சொன்னதுதான்னு தெரியோணுமல்ல" என்றார். கவரில் போட்டு, பசை தடவி, மேலே விலாசம் எழுதிக் கொடுத்தார். கூலி வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

கூலி வேண்டாம் என்றதில்தான் சடையனுக்குச் சந்தேகம் வந்தது.

பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தான். நட்டநடுப் பகலில் மருதாசலம் பெட்டியை மூடிப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் எழுந்து அவன் பார்த்ததே இல்லை. வக்கீல்கள் இருக்கிற தெரு மைதானத்துக்கு அந்தப் பக்கம்தான்.

பெயர், வயது, ஊர், கைநாட்டு. கேட்டதையெல்லாம் அவனே கொடுத்திருக்கிறான். கவரின் மேல் இருப்பது வெண்ணந்தூரா, ஏதாவது வக்கீலின் பெயரா? தபாலாபீஸ் வாசலில் யாரிடமாவது காட்டிக் கேட்கலாம் என்றால், நின்றவர்கள் எல்லோரும் மைதானத்துக் கடைக்காரர்கள்.

கிழித்துப் போட்டுவிடலாம். போட்டால் வெள்ளிக்கிழமை எருமை போய்விடும்.

தபால்பெட்டியின் வாயில் கவர் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தது. கட்டைவிரல் மை கவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்காள் எருமைக்குத் தவிடு கலக்குகிற கை நினைவுக்கு வந்தது.

விட்டான்.

அந்த மூன்று வரி இதுதான்:

இதை அக்காளுக்குப் படித்துச் சொல்கிறவருக்கு. இதைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டாம், பையன் பிழைப்பு இதில் இருக்கிறது. அக்காளை உள்ளே கூப்பிட்டு அவள் காதில் மட்டும் சொல்லிவிட்டு, கடிதாசியை அடுப்பில் போட்டுவிடவும்.