மணிக்கு எழுபது காலர்

மணிக்கு எழுபது காலர் தைத்ததற்காகத் தெய்வானையை மேடையேற்றி, கம்பெனி எம்.டி. தன் கையால் சுவர்க்கடிகாரம் கொடுத்தார். மறுநாளே கரும்பலகையில் எல்லோருக்குமான இலக்கு ஐம்பதிலிருந்து எழுபதானது. எம்.டி.யின் சம்பளம் இரட்டிப்பானதாகப் பேசிக்கொண்டார்கள். தையல்காரிகளின் கூலி அசையவே இல்லை.

மதியம் அவள் சோற்று டப்பாவைத் திறந்ததும் பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து போனார்கள். "உன்ற கடியாரத்தப் பாத்துக்கிட்டே தின்னு," என்றாள், பத்து வருஷமாகக் குழம்பு பகிர்ந்த ருக்குமணி.

சாப்பாட்டுக்குப் பின் தெய்வானை வேகத்தைக் குறைக்கப் பெடலில் காலைத் தளர்த்திப் பார்த்தாள். பழகிய கைகள் கேட்கவில்லை.

அடுத்த மணி அடித்தது. சூப்பர்வைசர் அவளுடைய காலர்களை எண்ணினார். "எழுபத்திரண்டு!" என்று சிரித்தபடி சாக்பீஸோடு கரும்பலகைக்கு நடந்தார்.

"எழுதாதீங்கண்ணா," என்றாள். மிஷின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.