பேர் போடாத நோட்டீஸ்

"அந்த வெள்ளை வண்டி வேணாங்க்கா," என்றார் சுஃபியான்.

குணசுந்தரிக்குப் புரியவில்லை. விற்பதற்காக நிறுத்திய வண்டியை விற்கிறவரே வேண்டாம் என்கிறார்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பழைய கார் விற்கும் கடை அது. அவள் மகன் அர்ஜுனுக்கு வள்ளூர் மின்நிலையத்துக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் வேலை கிடைத்திருந்தது. ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி வேண்டும். முதல் மாதத்தில் ஒரு நாள் வழியில் நின்றாலும் வேலை போய்விடும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அதனால்தான் பக்கத்து வீட்டுத் திருமலையைத் துணைக்கு அழைத்து வந்தாள். துறைமுகத்தில் முப்பது வருடம் தொழிற்சங்கக் கொடி பிடித்தவர். எண்ணூர் குப்பத்தில் யார் எதை வாங்கினாலும் அவரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். வாங்கக் கூடாத மாடல்கள் மூன்றை ஒரு பழைய நோட்டீஸின் பின்பக்கம் எழுதி எடுத்து வந்திருந்தார். ஒன்றுக்கு கியர்பாக்ஸ் போகும். ஒன்றுக்கு டர்போ போகும். மூன்றாவதற்கு உதிரிபாகமே கிடைக்காது.

அவருடைய ஒரே மகன் செங்குட்டுவன் லேபர் கான்ட்ராக்டர் ஆனதிலிருந்து, ஆறு வருடமாக அவர் அவனோடு பேசுவதில்லை. அவன் வீட்டு வாசலை மிதித்ததும் இல்லை. "ஆனா ஒண்ணு, பொய் சொல்ல மாட்டான். அது என் வளர்ப்பு" என்று மட்டும் எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் வரை யார் கேட்டாலும் சொல்வார். இன்று பஸ்ஸில் யாரும் கேட்காமலே சொன்னார்.

வெள்ளை வண்டி அந்த மூன்று மாடலில் இல்லை. பளபளவென்று இருந்தது. மாடல் நல்ல மாடல்தான், இந்த வண்டி சரியில்லை என்ற சுஃபியான், மூலையில் கதவு நசுங்கி நின்ற சாம்பல் வண்டியைக் காட்டினார்.

திருமலைக்குச் சுருக்கென்றது. "குப்பத்து ஜனம்னா நசுங்கினது போதும்னு நினைச்சியா பாய்?"

அவரே வெள்ளை வண்டியின் பின்கதவைத் திறந்தார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். வெளியே தெரியாத அந்த அடிப்பகுதியில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு.

குணசுந்தரி முகர்ந்து பார்த்தாள். இரண்டு வருடம் முன்பு வெள்ளத்தோடு கழிவு எண்ணெய் வந்து அவள் வீட்டுச் சுவரில் விட்டுப்போன அதே கறுப்பு. மூன்று முறை சுண்ணாம்பு அடித்தும் போகாத நாற்றம்.

"மூழ்கின வண்டி," என்றார் திருமலை. "ஒயரெல்லாம் உள்ளுக்குள்ள அரிச்சிருக்கும். அர்ஜுன் நடுரோட்டுல நின்னிருப்பான். யாரு இதோட ஓனர்? ஆர்.சி.யை எடு."

சுஃபியான் மேஜைமேல் இருந்த அந்தப் பதிவு கார்டை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார். ஓனர் மேல் தப்பில்லை, மூழ்கினது தெரிந்தேதான் வாங்கினேன், கழுவித் துடைத்து நிறுத்தியதும் நான்தான் என்றார்.

குணசுந்தரிக்குத் தலை சுற்றியது. ஏமாற்றுகிறவன் வேண்டாம் என்று சொல்வானா? வேண்டாம் என்று சொன்னவன் ஏன் தப்பைத் தலையில் போட்டுக்கொள்கிறான்?

"நான் நோட்டீஸ் அடிச்சா பேர் போட்டுத்தான் அடிப்பேன்," என்றார் திருமலை. "பேரும் போடுவேன், அப்பன் பேரும் போடுவேன். இப்படிப் புள்ளைய வளர்த்தவன் யாருன்னு ஊருக்குத் தெரியணும். ஓனர் பேரைக் கொடு, உன்னை விட்டுடறேன்."

"என் பேரையே போட்டுக்கோங்க தலைவரே."

திருமலை அவரைத் திருடன் என்றார். நாளைக் காலை இந்தக் கடை ஷட்டரிலேயே ஒட்டுகிறேன் என்றார். சுஃபியான் வரவழைத்த டீயைத் தொடாமல், எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போய்விட்டார்.

குணசுந்தரி நகரவில்லை.

"இன்னா பாய் இது? வேணாம்னும் நீயே சொல்றே, தப்பும் என்துதான்னு நீயே சொல்றே. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

சுஃபியான் டீக்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு டிராயரைத் திறந்தார்.

"ஓனரு முந்தாநேத்து வித்துக் குடுன்னு வுட்டுட்டுப் போனாரு. தண்ணியே பாக்காத வண்டின்னாரு. நேத்துதான் பெல்ட்டை இழுத்துப் பாத்தேன். வந்து எடுத்துக்கினு போன்னு சொல்லிட்டேன். நாளைக்கு வராரு."

கார்டை அவள் பக்கம் திருப்பினார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதன் கீழ் வரியையும் படித்தாள். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் பேரையே போடட்டும்க்கா," என்றார் சுஃபியான். "எனக்கு நாளைக்கும் கடை கீது. தலைவருக்கு இன்னா கீது?"

சாம்பல் வண்டியை ஓட்டிப் பார்க்கக் காலையில் அர்ஜுனை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் ரோட்டைக் கடந்தாள்.

திருமலை அந்த மூன்று மாடல்களுக்குக் கீழே நோட்டீஸ் எழுத ஆரம்பித்திருந்தார். பேருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

"ஓனர் பேரைப் பார்த்தியாம்மா?"

"பாத்தேண்ணா. கார்டு தேஞ்சு போய்க்கீது. ஒரு எழுத்தும் தெரியல."

"அப்ப பாய் பேர்தான்."

அவள் காகிதத்தின்மேல் கையை வைத்தாள்.

"வேணாண்ணா. நமக்கு விக்க மாட்டேன்ன ஆளு பேரையா போடுவீங்க?"

திருமலையின் பேனா நின்றது. அதே பேனாவால் எதிர்க்கடையைக் காட்டினார்.

"அதான் எனக்கும் குழப்பமா இருக்கு. அப்படின்னா யாரைத்தான் காப்பாத்தறான் அவன்?"

அவர் தனக்காக வாங்கி வைத்து ஆறிப்போன டீயை குணசுந்தரி ஊதினாள். கார்டு தேயவே இல்லை. உரிமையாளர் செங்குட்டுவன், தந்தை பெயர் திருமலை என்று அதில் பளிச்சென்று இருந்தது.