பக்கத்து இருக்கை

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு யார் முதலில் போவது என்று நெடுஞ்சாலையில் நடந்த கார் பந்தயத்தில் எட்வின் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. நண்பன் நவநீதன் ஓட்ட, இவன் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ எடுத்தான். விக்கிரவாண்டி தாண்டி, சைக்கிளில் குறுக்கே வந்த கொத்தனார் ஒருவர் அடிபட்டுச் செத்துப்போனார்.

"நான் சும்மாதானே சார் உட்கார்ந்திருந்தேன்?" என்று வக்கீலிடம் புலம்பிக்கொண்டே இருந்தான்.

கோர்ட்டில் அந்த வீடியோவைப் போட்டார்கள். "அழுத்துடா, விடாதே!" என்று ஒரு குரல் சிரித்தது. கொத்தனாரின் மனைவி நிமிர்ந்தாள்.

"இது யார் குரல்?" என்று நீதிபதி கேட்டார்.

பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே திரிந்த நவநீதன், முகத்தைப் பார்க்காமலேயே எட்வினைக் கைகாட்டினான்.

'நான் இல்லை' என்று சொல்ல எட்வின் வாயெடுத்தான். அவன் குரலைக் கேட்பதற்காக அந்தப் பெண் முன்னால் சாய்ந்தாள்.